திரையில் 300 மில்லிமீட்டர், தட்டில் எத்தனை?
('எந்திரத் துல்லியத்தின் அடித்தளங்கள்' நூல் பற்றிய மதிப்பீடு)

ஒரு சிறிய கணக்குடன் தொடங்குவோம்.

அலுமினியத் தட்டு ஒன்றில் 300 மி.மீ. இடைவெளியில் இரண்டு துளைகள் போட வேண்டும். வரைபடம் அனுமதிக்கும் பிழை கூடுதலாகவோ குறைவாகவோ 0.02 மி.மீ. மட்டுமே. கணிப்பொறித் திரையில் வேலையை முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கிறோம். கருவி எங்கும் மோதவில்லை. துளைகளுக்கு இடையே சரியாக 300.000 மி.மீ. என்று திரை காட்டுகிறது. பிறகு எந்திரத்தில் உண்மையாகவே துளையிடுகிறோம். எந்திரத்தின் எண்பலகையும் 300.000 என்கிறது. எஃகாலான அளவுகோலை வைத்து அதே இடத்தில் அளந்து பார்க்கிறோம். அதுவும் 300.000 என்கிறது. மூன்று சாட்சிகளும் ஒரே குரலில் பேசுகின்றன. தட்டை மகிழ்ச்சியோடு அனுப்பி வைக்கிறோம்.

வாங்கியவர் அதைக் குளிரூட்டிய அளவைக்கூடத்தில் 20° செல்சியஸ் வெப்பநிலையில் வைத்து அளக்கிறார். அவருக்குக் கிடைப்பது 299.948 மி.மீ. தட்டு திரும்பி வருகிறது.

யார் பொய் சொன்னது? ஒருவரும் இல்லை. வேலை நடந்தபோது பட்டறையின் வெப்பநிலை 35°. எஃகு ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு மீட்டருக்குச் சுமார் 11.5 மைக்ரான் நீளும். அலுமினியமோ சுமார் 23 மைக்ரான் நீளும். 15 டிகிரி கூடுதல் வெப்பத்தில் எந்திரத்தின் எஃகு அளவுகோலே நீண்டுவிட்டதால், அது 300 என்று சொன்ன தூரம் உண்மையில் 300.052. தட்டு 20 டிகிரிக்குக் குளிர்ந்தபோது 0.104 மி.மீ. சுருங்கியது. மீதியைக் கழித்துப் பார்த்துக் கொள்ளலாம். அனுமதித்த பிழையைப் போல இரண்டரை மடங்கு தவறு. அதைச் சுட்டிக்காட்ட மூன்று சாட்சிகளில் ஒன்றும் இல்லை.

இத்தகைய மயக்கத்திலிருந்து மீள வேண்டுமானால், துல்லியம் என்பது எங்கிருந்து பிறக்கிறது என்ற அடிப்படைக் கேள்விக்குச் செல்ல வேண்டும். அக்கேள்விக்கு விடை கூறும் நூல்களுள் முதன்மையானது, வேய்ன் ஆர். மூர் எழுதிய 'ஃபவுண்டேஷன்ஸ் ஆஃப் மெக்கானிக்கல் அக்யூரசி'. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிரிட்ஜ்போர்ட் நகரிலிருந்த மூர் ஸ்பெஷல் டூல் கம்பெனி 1970-ஆம் ஆண்டில் இதை வெளியிட்டது. ஜிக் போரர், ஜிக் கிரைண்டர், அளவை எந்திரங்கள் ஆகியவற்றைச் செய்து பெயர் பெற்ற நிறுவனம் அது. அரை நூற்றாண்டு கடந்த இந்நூலை, எல்லாவற்றையும் திரையில் ஒத்திகை பார்த்துவிடும் இன்றைய மாணவர் ஏன் படிக்க வேண்டும், எங்கே ஐயத்தோடு படிக்க வேண்டும் என்பதை இங்கே காண்போம்.

மூன்று தட்டுகளின் கதை

துல்லியத்துக்கு அடிப்படையாக நான்கு கலைகளை ஆசிரியர் குறிப்பிடுகிறார்: வடிவியல், நீளத்தின் படிமம், வட்டத்தைப் பகுத்தல், உருண்மை. இந்த வரிசையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. அளவுகோலை அவர் முதலில் வைக்கவில்லை, சமதளத்தை வைக்கிறார். தளம் சமமாக இல்லாத இடத்தில் நீளம் என்ற சொல்லுக்கே உறுதியான பொருள் கிடையாது.

சரி, முதல் சமதளத்தைச் செய்வது எப்படி? அதைச் சரிபார்க்க வேறு ஒரு சமதளம் வேண்டுமே! பிரிட்டிஷ் பொறியாளர் ஜோசப் விட்வர்த் 1840-இல் கிளாஸ்கோவில் நடந்த அறிவியல் மாநாட்டில் விளக்கிய முறையே இதற்கு விடை. ஒரு தட்டு போதாது, இரண்டும் போதா, மூன்று வேண்டும்.

'அ', 'ஆ' என்ற இரு வார்ப்பிரும்புத் தட்டுகளை நீல மசி தடவி ஒன்றோடொன்று பொருத்தி, மேடான இடங்களை ஸ்கிரேப்பரால் சுரண்டிக்கொண்டே வருகிறோம். இறுதியில் இரண்டும் நன்றாகப் பொருந்துகின்றன. ஆயினும் 'அ' மேடாகவும் 'ஆ' குழிவாகவும் இருந்து பொருந்தியிருக்கலாம். இப்போது 'இ' என்ற மூன்றாம் தட்டை 'அ'வுக்குப் பொருத்துகிறோம். 'அ' மேடு என்றால் 'இ'யும் குழியாகத்தான் அமையும். அடுத்து 'ஆ'வையும் 'இ'யையும் ஒன்றன்மீது ஒன்று வைத்தால் இரண்டு குழிகள் சந்திக்கின்றன. விளிம்பில் மட்டும் மசி ஒட்டுகிறது, குற்றம் வெளிப்பட்டுவிடுகிறது. அந்தக் குற்றத்தை இரண்டுக்கும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுச் சுரண்டி, சுற்றுமுறையில் திரும்பத் திரும்பச் செய்தால் மூன்று தட்டுகளும் ஒன்றுக்கொன்று பொருந்தும் நிலை வரும். மேடும் குழியும் இல்லாத தளங்களே அவ்வாறு பொருந்த முடியும்.

இங்கும் ஒரு பொறி இருக்கிறது. மூன்று தட்டுகளும் ஒரே விதமாக முறுக்கிக்கொண்டிருந்தால், ஒரே திசையில் வைத்துப் பார்க்கும்வரை அவை பொருந்தவே செய்யும். ஒரு தட்டைக் கால் சுற்றுத் திருப்பி வைத்தால்தான் முறுக்கு தெரியும். 'பொருந்துகிறது' என்பது ஒன்று. 'சரியாக இருக்கிறது' என்பது வேறு. நம் அலுமினியத் தட்டின் கதையும் இதுதானே? எண்பலகையும் எஃகு அளவுகோலும் ஒரே வெப்பத்தில் ஒரே அளவு நீண்டிருந்ததால் ஒன்றோடொன்று பொருந்தின. இரண்டும் சரி என்பதற்கு அது சான்றாகவில்லை.

எந்த அளவுகோலின் துணையும் இன்றி, ஒப்பிடுதல் என்ற ஒரே செயலால், கரடுமுரடான பொருளிலிருந்து துல்லியம் பிறக்கிறது. இந்த வியப்பை மாணவர் மனத்தில் பதிய வைப்பது இந்நூலின் முதல் வெற்றி.

நீளமும் வட்டமும்

நீளத்தைப் பற்றிய பகுதியில் வெப்பநிலைக்கு ஆசிரியர் கொடுக்கும் இடம் கவனிக்கத்தக்கது. தொழில்துறை நீள அளவீடுகளுக்கு 20° செல்சியஸ் என்ற பொது வெப்பநிலை 1931-இல் உலக அளவில் ஏற்கப்பட்டது. அமெரிக்கர்களின் 68° பாரன்ஹீட்டும் அதுவே. சுவீடனைச் சேர்ந்த கார்ல் எட்வர்ட் யோஹான்சன் 1896-இல் ஸ்லிப் கேஜ்களை வகுத்தபோதே, ஒன்றோடொன்று ஒட்டி எண்ணற்ற நீளங்களைத் தரும் எஃகுக் கட்டைகள் பட்டறைக்குக் கிடைக்கும் வழி பிறந்துவிட்டது. ஆனால் அந்தக் கட்டையைச் சிறிது நேரம் கையில் பிடித்திருந்தாலே அதன் மதிப்பு மாறிவிடும். 100 மி.மீ. எஃகுக் கட்டை ஐந்து டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 6 மைக்ரான் நீண்டுவிடுகிறது. விலையுயர்ந்த கருவியை வாங்கிவிட்டு வெப்பமானியை வாங்க மறந்தவர், தாம் செலவிட்டதில் பெரும் பகுதியை வீணாக்கியவர் ஆவார்.

மூன்றாம் பகுதியான வட்டத்தைப் பகுத்தல் நூலில் மிக அழகானது. நீளத்துக்கு வெளியிலிருந்து ஒரு படிமம் தேவை. கோணத்துக்கோ தேவையில்லை! ஒரு வட்டத்தை எப்படிப் பகுத்தாலும் எல்லாப் பகுதிகளையும் கூட்டினால் 360 டிகிரிதான் வர வேண்டும். ஒரு பகுதியில் கூடிய பிழை மற்றொன்றில் குறைந்தே தீரும். ஆகவே பகுதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டாலே ஒவ்வொன்றின் பிழையும் தெரிந்துவிடும். மூர் நிறுவனம் செய்த பகுப்பு மேசை இந்தக் கருத்தின் செயல்வடிவம். மேலும் கீழுமாக இரண்டு பல்முகங்கள். ஒவ்வொன்றிலும் 1440 பற்கள். ஒரு பல் நகர்ந்தால் கால் டிகிரி. எல்லாப் பற்களும் ஒரே நேரத்தில் கவ்விக்கொள்வதால் தனித்தனிப் பல்லின் பிழைகள் ஒன்றையொன்று சமன்செய்து கரைந்துபோகின்றன. ஊரார் பலரும் சேர்ந்து இழுக்கும் தேர், ஒருவரின் தடுமாற்றத்தால் நிலைமாறுவதில்லை அல்லவா?

நான்காம் பகுதி உருண்மை. பள்ளியில் திருகு அளவியால் கம்பியின் விட்டத்தை அளந்தபோது, இரண்டு மூன்று இடங்களில் அளந்து ஒரே எண் வந்தால் கம்பி வட்டமானது என்று முடிவு செய்தோம். அந்த முடிவு தவறு. எந்தத் திசையில் அளந்தாலும் ஒரே அகலம் காட்டும் வடிவங்கள் வட்டத்தைத் தவிர வேறும் உண்டு. 1969-இல் பிரிட்டனில் வெளிவந்த ஏழு பக்க 50 பென்ஸ் நாணயம் அத்தகையது. மூன்று முனைகள் கொண்ட ரூலோ முக்கோணத்தை எடுத்துக்கொள்வோம். எங்கே அளந்தாலும் 25 மி.மீ. அகலம் உள்ள அவ்வடிவம் 25 மி.மீ. துளையில் நுழையாது, அதற்கு 28.87 மி.மீ. துளை தேவை. சென்டர் இல்லாமல் சாணை பிடிக்கும் எந்திரங்களில் வரும் தண்டுகள் இப்படி நுண்ணிய முனைகளோடு அமைவது உண்டு. திருகு அளவி அவற்றை 'நல்ல தண்டு' என்று சொல்லும், பேரிங் ஏற்காது. அளவு சரியாக இருந்தும் வடிவம் தவறலாம் என்பதை உணர்த்த இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

குறைகள்

இவ்வளவு பாராட்டிய பிறகு குறைகளையும் கூறுவது கடமை.

முதலாவது, இது எந்திரம் செய்து விற்கும் ஒரு நிறுவனம் வெளியிட்ட நூல். தம் எந்திரங்களின் படங்களும் பெருமையும் பக்கங்களில் தாராளமாக இடம்பெறுகின்றன. இறுதிப் பகுதி முழுவதும் அந்நிறுவனத்தின் அளவை எந்திரத்தைக் கையாளும் முறைகளுக்கே ஒதுக்கப்பட்டுள்ளது. எங்கே அறிவியல் முடிகிறது, எங்கே விற்பனை தொடங்குகிறது என்பதை வாசகரே பிரித்துக்கொள்ள வேண்டும். ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும்: தொழில் இரகசியம் என்று மற்றவர்கள் பூட்டி வைத்திருக்கக் கூடியதை இந்த ஆசிரியர் திறந்து காட்டியிருக்கிறார். அந்த நன்மைக்கு முன்னால் இந்தக் குறை சிறியதே.

இரண்டாவது, அளவுகள் அங்குலத்தில் பேசுகின்றன. அங்குலத்தின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்று படிக்கும்போதெல்லாம், 0.0254 மைக்ரான் என்று நம் மாணவர் மனத்துக்குள் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, காலம் மாறியதால் வந்த குறை. நூல் வெளியானபோது மீட்டர் என்பது கிரிப்டான்-86 அணுவின் ஒளி அலைநீளத்தைக் கொண்டு வரையறுக்கப்பட்டிருந்தது. 1983 முதல் அது ஒளியின் வேகத்தைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. டேவிட் மக்மர்ட்ரி தொடு உணர்கருவியை உருவாக்கியது 1972-இல். நூல் வெளிவந்து இரண்டாண்டுகள் கழித்து. இன்றைய முப்பரிமாண அளவை எந்திரங்களை அக்கருவி இன்றி எண்ணிப் பார்க்க முடியாது. ஓர் அளவைச் சொன்னால் அதன் ஐயப்பாடு எவ்வளவு என்றும் சொல்ல வேண்டும் என்னும் சர்வதேச வழிகாட்டி 1993-இல் வெளியானது. இவற்றை நூலில் தேடுவது நியாயமில்லை. ஆனால் இந்நூலை மட்டும் படித்துவிட்டு அளவியல் முழுவதும் தெரியும் என்று எண்ணுவதும் சரியில்லை.

நான்காவது குறை கொள்கை பற்றியது. நூலின் பெயரே சொல்வது போல, துல்லியத்தை எந்திர உறுப்புகளிலேயே கட்ட வேண்டும் என்பது ஆசிரியரின் பிடிவாதம். இன்று வேறொரு வழியும் உண்டு. மூன்று அச்சு எந்திரத்தில் ஒவ்வோர் அச்சும் நகரும்போது ஆறு விதமாகப் பிழை செய்யலாம்: மூன்று திசைகளில் இடப் பிழை, மூன்று அச்சுகளைச் சுற்றிய சாய்வுப் பிழை. ஆக 18, அச்சுகளுக்கு இடையே செங்குத்துப் பிழை 3, மொத்தம் 21. இவற்றை அளந்து கணிப்பொறியிடம் கொடுத்துவிட்டால் அது ஒவ்வொரு அளவிலும் பிழையைக் கழித்துவிடும். குறைந்த செலவில் நிறைந்த துல்லியம் கிடைக்கும். இதை ஏமாற்று என்று ஒதுக்க முடியாது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பிழை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வர வேண்டும். இன்று ஒரு விதமாகவும் நாளை வேறு விதமாகவும் தள்ளாடும் எந்திரத்தைக் கணக்கால் திருத்த முடியாது. அந்த நிலைத்தன்மையைத் தருவது நல்ல வார்ப்பும், சீரான வழித்தடமும், சீரான வெப்பமுமே. ஆகவே ஆசிரியரின் பிடிவாதம் முழுதும் பழமையாகிவிடவில்லை.

ஒத்திகையின் எல்லை

இப்போது திரைக்கு வருவோம். எண்கட்டுப்பாட்டு எந்திரம் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் 1952-இல் செயல்விளக்கம் பெற்றது. அதன் பிறகு கட்டளைகளை எழுதுவது எளிதாயிற்று. தவறான கட்டளை எழுதி எந்திரத்தை உடைப்பதும் எளிதாயிற்று! அந்த ஆபத்தைத் தடுக்க வந்ததே கணிப்பொறி ஒத்திகை. கருவியும் பற்றுக்கருவியும் மோதுமா, ஓரிடத்தில் கூடுதலாக வெட்டிவிடுமா, எங்காவது பொருள் மிச்சமாக நிற்குமா என்பதைப் பொருளை வீணாக்காமல் அது காட்டுகிறது. எந்திரத்தைத் தொட அஞ்சும் மாணவருக்கு நல்ல ஆசிரியராகவும் இருக்கிறது. இந்தப் பயனைக் குறைத்துப் பேசுவது அறிவீனம்.

ஆனால் சாதாரண ஒத்திகையில் வெட்டப்படுவது உலோகம் அன்று, ஓர் இலட்சியப் பொருள். அங்கே தட்டு சூடாவதில்லை, அச்சு வளைவதில்லை, கருவி தேய்வதில்லை. உண்மையில் என்ன நடக்கிறது? 10 மி.மீ. விட்டமும் 50 மி.மீ. நீட்டமும் உள்ள கார்பைடு தண்டின் முனையில் 200 நியூட்டன் விசை பட்டால் அது சுமார் 0.028 மி.மீ. வளைகிறது. நீட்டத்தை இரு மடங்காக்கினால் வளைவு எட்டு மடங்காகிறது. பள்ளம் ஆழமாக இருக்கிறது என்று நீண்ட கருவியைப் போட்டவருக்குத் திரை ஒரு எச்சரிக்கையும் தராது. அவ்வாறே, எந்திரத்தின் அளவுகோல் ஓரிடத்திலும் கருவிமுனை அதிலிருந்து 200 மி.மீ. தள்ளியும் இருந்தால், மேசை 10 விநாடி கோணம் சாய்வதே ஏறக்குறைய 10 மைக்ரான் பிழையாகிறது. அளக்கும் கோடும் அளக்கப்படும் கோடும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எர்ன்ஸ்ட் ஆபே 1890-இல் சொன்ன விதி இதற்காகத்தான். திருகு அளவி அவ்விதிக்கு அடங்குகிறது; வெர்னியர் அளவி அடங்குவதில்லை.

வெட்டுவிசை, அதிர்வு, வெப்பம் ஆகியவற்றையும் கணக்கில் கொள்ளும் மேம்பட்ட ஒத்திகைகள் உண்டு. ஜெர்மனியின் தேசிய அளவியல் நிறுவனமான பி.டி.பி., அளவை எந்திரத்தையே கணிப்பொறிக்குள் உருவாக்கி, ஒரே அளவீட்டைச் சிறு சிறு மாற்றங்களோடு பல முறை நடத்திப் பார்த்து, அதன் ஐயப்பாட்டைக் கணிக்கும் முறையை வகுத்தது. ஒத்திகை தன் எல்லையைத் தானே சொல்லும் உயர்ந்த நிலை இது. ஆனால் இந்தக் கணக்குகளுக்கெல்லாம் உணவு எது? அந்த எந்திரத்தின் 21 பிழைகளும், அந்தக் கருவியின் விறைப்பும், அந்த அறையின் வெப்பநிலையும். அவற்றை யாரோ ஒருவர் உண்மையான எந்திரத்தின் முன் நின்று அளந்து தந்திருக்க வேண்டும். அளக்காமல் ஊகித்துக் கொடுத்த எண்கள் எத்தனை தசமப் புள்ளிகளோடு வெளிவந்தாலும் ஊகமே.

அவ்வாறு அளப்பதற்குப் பெரும் பொருட்செலவு தேவை என்றும் அஞ்ச வேண்டியதில்லை. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிரையன் 1982-இல் ஓர் எளிய கருவியை விளக்கினார். இரு முனைகளிலும் பந்து கொண்ட கோல் அது. ஒரு பந்தை மேசையிலும் மறு பந்தை ஸ்பிண்டிலிலும் பொருத்தி எந்திரத்தை ஒரு வட்டம் ஓடவிட்டால், கோலின் நீள மாற்றம் எந்திரத்தின் நோய்களைக் காட்டிவிடுகிறது. அச்சுகள் செங்குத்தாக இல்லையானால் வட்டம் சாய்ந்த நீள்வட்டமாகிறது. திருகில் தளர்ச்சி இருந்தால் திசை திரும்பும் இடங்களில் படி விழுகிறது. பகுப்பு மேசையில் பொய் சொல்லாத சாட்சியாக நின்ற அதே வட்டம், இங்கே எந்திரத்தின் குற்றங்களையும் சொல்லிவிடுகிறது!

மாணவருக்கு

மூரின் நூலில் உள்ள எந்திரங்கள் நம் மாணவர் பலருக்கும் கைக்கு எட்டாதவை. ஆனால் அந்நூல் கற்பிக்கும் பழக்கம் எட்டக்கூடியது. திருகு அளவியால் ஒரு எஃகுத் துண்டை அளந்து எழுதுங்கள். பிறகு அதை வெயிலில் ஒரு மணி நேரம் வைத்து உடனே அளந்து பாருங்கள். எண் மாறுகிறதா? மாறவில்லையென்றால், துண்டு மாறவில்லையா, அல்லது 0.01 மி.மீ. காட்டும் உங்கள் கருவியால் அந்த மாற்றத்தைக் காண இயலவில்லையா? இந்த இரண்டாம் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவரே அளவியலின் வாசலைக் கடந்தவர்.

நம் அலுமினியத் தட்டு திரும்பி வந்த பிறகு செய்ய வேண்டியதும் இதுவே. வேறு மென்பொருளை வாங்குவதால் அது சரியாகாது. அறையின் வெப்பநிலையையும் தட்டின் வெப்பநிலையையும் எழுதி வைத்துக்கொண்டு, இரண்டு உலோகங்களின் விரிவையும் கணக்கிட்டு, 35 டிகிரியில் எண்பலகை 300.052 காட்டுமாறு துளையிட்டால், 20 டிகிரியில் 300.000 கிடைக்கும். அந்தத் திருத்தத்தைத் திரை தானாகச் சொல்லாது. வெப்பமானியைப் பார்த்தவர்தான் அதைத் திரைக்குச் சொல்ல வேண்டும்.